உதடு சேரும் எழுத்துகள்

12 ஜூலை 2011, செவ்வாய்

பாடப்புத்தகம் இன்னும் வந்து சேரவில்லை என்று எல்லாப் பள்ளியிலும் இதே பேச்சு. என் வகுப்புக்கு அதனால் நஷ்டமில்லை. காது கேளாத ஆறு பிள்ளைகள். அவர்களுக்குப் பாடப்புத்தகம் என் வாய்தான். அதைப் பார்த்தே எழுத்தும் சொல்லும் கற்கிறார்கள்.

மதியம் கொளஞ்சியின் அம்மா சின்னம்மாள் மங்கலம்பேட்டையிலிருந்து வந்தாள். விடுதியில் இருக்கும் மகளுக்கு முறுக்கும் ஒரு புதுப் பாவாடையும் கொண்டுவந்திருந்தாள். கிளம்பும்போது வகுப்புக் கதவருகே தயங்கி நின்றாள்.

"ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே டீச்சர்? புள்ள என்ன அவ்வான்னு கூப்புடுது. அம்மான்னு வரல. எங்க தெருவுல நாயுடு ஊட்டுல பாட்டியத்தான் அவ்வாம்பாங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க. நா இன்னா கெழவியா?"

அவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கொளஞ்சியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். ஐந்தரை வயது. கீழுதட்டை மடக்கி மேல்பல்லில் வைத்துச் சொன்னாள். அவ்வா. அவள் பல்வரிசையில் குறை இல்லை. உதடு தாராளமாகச் சேரும். பிறகு ஏன் அப்படிச் செய்கிறாள்?

யாரைப் பார்த்துக் கற்றாளோ அவரைப் போலத்தானே செய்வாள்.

14 ஜூலை, வியாழன்

பக்கத்து வகுப்பு சிந்துஜாவிடம் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னேன். பயிற்சி முடித்து வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. உதடு பார்த்துப் படிப்பதில் கெட்டிக்காரி. எதிரே உட்கார்ந்து குரல் இல்லாமல் மூன்று சொல் சொன்னேன். பல். பழம். மணி.

அவள் எழுதிக் கொடுத்தது: வல். வழம். வணி.

முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "விடுங்க டீச்சர். சத்தத்தோட கேட்டா சரியாத்தானே இருக்கு" என்றாள்.

சத்தத்தோடு கேட்பவர்களுக்குச் சரிதான்.

இலக்கணத்தில் படித்ததுதான்: இதழ் இரண்டும் சேர்ந்தால் ப, ம. பல்லும் இதழும் சேர்ந்தால் வ. எனக்குத் தூக்குப் பல். மேலுதடும் கீழுதடும் சந்திப்பதில்லை. நடுவில் பல் நிற்கிறது. பள்ளியில் தேங்கா துருவி என்று பெயர். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களில் இரண்டு பேர் இதற்காகவே திரும்பிப் போனார்கள். அதெல்லாம் ஆறிப்போயிற்று. முப்பத்தெட்டு வயதில் அதை நினைத்து அழ எதுவும் இல்லை.

ஆனால் பதின்மூன்று வருடம் இந்த வாயைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். வகுப்புக்கு ஆறேழு பேர் - கூட்டிப் பார்க்கவில்லை.

23 ஜூலை, சனி

சிதம்பரம் போனேன். பல் கம்பி போடும் டாக்டர் விஸ்வேஸ்வரன். தெற்கு வீதியில் மாடியில் கிளினிக். என்னைவிட வயதில் சின்னவர். வாயைப் பார்த்தார், படம் எடுத்தார், அச்சு எடுத்தார். மேலே இரண்டு பல்லைப் பிடுங்கிவிட்டு, முன்பற்களைப் பின்னால் தள்ளவேண்டுமாம்.

"ரெண்டரை வருஷம் ஆகும் டீச்சர். சின்னப் பசங்களுக்குன்னா சீக்கிரம் முடியும். இந்த வயசுல எலும்பு இறுகியிருக்கும். மெதுவாத்தான் நகரும்."

இப்போதிருக்கும் ஆறு பேருக்கும் இது என்னிடம் இரண்டாவது வருடம். அடுத்த ஜூனில் புதிய பிள்ளைகள் வருவார்கள், மூன்று நான்கு வயதில், ஒரு சொல்லும் தெரியாமல். அவர்கள் முதலில் பார்க்கப்போவது என் வாயை.

"ஜூனுக்குள்ள முடியாதா?" என்றேன்.

கல்யாணம் ஏதாவதா என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு வழி இருக்கு. எல்லாருக்கும் சொல்றதில்ல."

மண்டையோட்டு பொம்மையை எடுத்துக் காட்டினார். ஈறைத் திறந்து, பல்லின் வேர்களுக்கு நடுவே, வெளி எலும்பில் மட்டும் கோடு கோடாகக் கீறுவார்கள். மேலே எலும்புத்தூள் வைத்து ஈறை மூடித் தைப்பார்கள். காயம்பட்ட எலும்பு, ஆறுகிற வேலையில் கொஞ்ச காலம் இளகிக்கொடுக்கும்.

"நாலு மாசம் டீச்சர். அந்த நாலு மாசம்தான் கணக்கு. பல்லு ரெண்டு மடங்கு வேகமா நகரும், சிலருக்கு அதுக்கு மேலயும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ நீங்க வந்து கம்பிய முறுக்கிக்கணும். விட்டீங்கன்னா எலும்பு மறுபடி கெட்டியாயிடும். அப்பறம் பழைய வேகந்தான்."

"இதுவரைக்கும் எத்தன பேருக்குப் பண்ணியிருக்கீங்க?"

"நாலு பேருக்கு. மூணு பேருக்கு நல்லா வந்துது. ஒருத்தருக்கு ஈறு கொஞ்சம் எறங்கிடுச்சு."

நான்காவது ஆளை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. இவரிடமே செய்துகொள்ளலாம் என்று பஸ்ஸில் வரும்போது முடிவு செய்தேன்.

24 ஜூலை, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்த பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். தேவசகாயம் சிப்காட்டில் சாயக் கம்பெனியில் இருக்கிறார், ஷிப்ட் வேலை.

"இந்த வயசுல கம்பியா?" என்றார். பிறகு, "உன் இஷ்டம்."

கம்பி என்று மட்டும்தான் சொன்னேன். எலும்பைப் பற்றிச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? கேட்டால் விடமாட்டார் என்று. அது ஒரு காரணம்தான்.

15 அக்டோபர், சனி

இரண்டு பல்லையும் எடுத்தாயிற்று. பக்கத்துக்கு ஒன்று. இடைவெளி ஏழு மில்லிமீட்டர் என்றார் டாக்டர். நாக்கு அங்கேயே போகிறது.

29 அக்டோபர், சனி

கம்பி போட்டாயிற்று. முப்பத்தெட்டு வயதுக்காரிக்கு அந்தக் காத்திருப்பு நாற்காலிகளில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடுவே உட்காருவது - பழகிவிடும்.

31 அக்டோபர், திங்கள்

பிள்ளைகள் ஆறு பேரும் வரிசையாக வந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தார்கள். கொளஞ்சி, ரயில் தண்டவாளம் என்று கையால் சைகை செய்தாள். மற்றவர்கள் அதன்மேல் ரயில் ஓட்டினார்கள். அரை மணி நேரப் பாடம் போயிற்று.

12 நவம்பர், சனி

எழுதக் கை சரியாக இருக்கிறது, வாய்தான் இல்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பதுக்கு என் வீட்டுக்காரருடன் சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன். துணைக்கு ஒருவர் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அழைத்துப் போனேன். நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்து அவரையும் கையெழுத்துப் போடச் சொன்னாள். அவர் படித்துப் பார்த்தார். நான் அவர் படிக்கமாட்டார் என்று நினைத்திருந்தேன்.

"எலும்ப அறுக்கிறாங்களா?"

"மேலாப்புலதான். கீறுறது."

"கம்பின்னுதானே சொன்ன?"

"சொன்னா விடமாட்டீங்கன்னு -"

"பதினாலு வருசம் ஆச்சி சவரி. உன் பல்லப் பத்தி என்னைக்காவது ஒரு வார்த்த சொல்லியிருக்கேனா? ஒரு நாள்?"

"நீங்க சொல்லல. உங்களுக்காகவும் பண்ணல."

அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. உண்மைதான், ஆனாலும் அந்த இடத்தில் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. தாளை நாற்காலியில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். போய்விட்டார் என்றே நினைத்தேன். இருபது நிமிடம் கழித்து வந்து, யாரையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

அறுவையைச் செய்தவர் டாக்டர் லலிதாம்பிகை. ஈறு சிகிச்சை நிபுணர். விஸ்வேஸ்வரன் பக்கத்தில் நின்றார். மயக்கம் இல்லை, மரத்துப்போகும் ஊசி மட்டும். முகத்தில் பச்சைத் துணி. வலி இல்லை. சத்தம்தான். அந்தச் சத்தம் காது வழியாக வரவில்லை. எலும்புக்குள்ளேயே பிறந்து எலும்பு வழியாகவே மண்டைக்குள் போயிற்று. பிள்ளைகளின் நெஞ்சோடு முரசை அணைத்துவைத்து அடிப்பேன். அவர்கள் கண்ணை மூடிச் சிரிப்பார்கள். அவர்களுக்கு வருவது இதுதானா? பதின்மூன்று வருடம் அடித்தவளுக்கு இன்றுதான் கேட்டது.

"பயமா இருக்கா டீச்சர்? கைய தூக்குங்க, நிறுத்திடறேன்" என்றார் லலிதாம்பிகை. தூக்கவில்லை.

ஒன்றே முக்கால் மணி நேரம். பதினான்கு தையல். வலிக்குப் பாராசிட்டமால் மட்டுமாம். மற்ற மாத்திரைகள் வீக்கத்தைக் குறைத்துவிடும். வீக்கம் வேண்டுமாம், அதுதான் வேலை செய்கிறதாம்.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்தே வந்தார்.

14 நவம்பர், திங்கள்

முகம் பலூன். கண்ணுக்குக் கீழே நீலம். லீவு. இன்று குழந்தைகள் தினம், பள்ளியில் இல்லாதது இதுதான் முதல் தடவை.

அவர் கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்து, மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். பேசவில்லை.

17 நவம்பர், வியாழன்

இன்றும் கஞ்சி. இன்றும் பேசவில்லை. உப்பு மட்டும் சரியாக இருக்கிறது.

20 நவம்பர், ஞாயிறு

அவர் பேசினார். "அந்தப் புள்ளைங்களுக்கு நெசமாவே தப்பா தெரியுதா?" என்றார்.

எழுதிக் காட்டினேன். சிந்துஜா எழுதிய அந்த மூன்று சொற்களையும். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்குத் தடுக்கப்போறேன்?"

அதுவும் உண்மைதான்.

26 நவம்பர், சனி

தையல் பிரித்தார்கள். சுருள் கம்பி மாட்டி முறுக்கினார்கள். நான்கு மாதத்தில் இரண்டு வாரம் போய்விட்டது.

10 டிசம்பர், சனி

இடைவெளி ஐந்தரை மில்லிமீட்டர். டாக்டர் அளவுகோலை இரண்டு தடவை வைத்துப் பார்த்தார். நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். அவருக்கு என்னைவிட சந்தோஷம்.

பல்லை விரலால் தொட்டால் லேசாக அசைகிறது. வேருக்கே தெரியாமல் வீடு மாறுவதுபோல.

24 டிசம்பர், சனி

நான்கு. கிறிஸ்துமஸ் என்பதால் கிளினிக்கில் கூட்டம் இல்லை. "இந்த வேகத்துல போனா மார்ச்சுல எடம் மூடிடும். ஜூனுக்கு நீங்க ரெடி" என்றார். அடுத்த தேதி ஜனவரி ஏழு.

விடுதிப் பிள்ளைகள் எல்லாரும் அரையாண்டு லீவுக்கு ஊருக்குப் போயாயிற்று.

29 டிசம்பர், வியாழன்

புயல் வருகிறதாம். கடலூருக்கு எந்தப் புயல்தான் வரவில்லை.

31 டிசம்பர், சனி

நேற்று விடியற்காலை. புயலுக்குத் 'தானே' என்று பெயராம்.

சமையலறை ஆஸ்பெஸ்டாஸ் கூரை இல்லை. முழுசாகப் போய்விட்டது, எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. நாங்கள் இருவரும் முன்னறைக் கட்டிலுக்கடியில் இருந்தோம். முதுநகரில் எங்கள் தெருவில் ஒரு மரமும் நிற்கவில்லை. மின்கம்பங்கள் படுத்துக் கிடக்கின்றன. மிஞ்சிய இலைகளெல்லாம் கருகினாற்போல இருக்கின்றன, தீ வைத்ததுபோல.

போன் இல்லை. கரண்ட் இல்லை. தண்ணீருக்கு அடி பம்பில் வரிசை.

3 ஜனவரி 2012, செவ்வாய்

பள்ளியில் நூற்றுப்பத்து பேர் தங்கியிருக்கிறார்கள். தலைமையாசிரியை பெரிய சிஸ்டர் எங்களைச் சோறு பங்கிட நிறுத்தியிருக்கிறார். வகுப்பில் பிள்ளைகளின் படங்கள் சுவரிலிருந்து கழன்று நீரில் ஊறிக் கிடந்தன.

என் ஆறு பேரில் நான்கு பேரைப் பற்றிச் சேதி வந்துவிட்டது. பண்ருட்டிப் பையன் வீட்டில் பலாத்தோப்பு முழுதும் போயிற்று, ஆள் பத்திரம். நல்லூர் அக்கா தங்கை இருவரும் பத்திரம். சிதம்பரத்துப் பையனுக்கு ஒன்றுமில்லை. குறிஞ்சிப்பாடிப் பிள்ளை தெரியவில்லை. கொளஞ்சி தெரியவில்லை.

5 ஜனவரி, வியாழன்

குறிஞ்சிப்பாடிப் பிள்ளை பத்திரம்.

7 ஜனவரி, சனி

பஸ் நிலையத்தில் சிதம்பரம் வண்டியும் விருத்தாசலம் வண்டியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இன்று முறுக்கவேண்டிய நாள். சின்னம்மாளின் போன் எட்டு நாளாகக் கிடைக்கவில்லை.

விருத்தாசலம் வண்டியில் ஏறினேன்.

வழியெல்லாம் முந்திரி சாய்ந்து கிடந்தது. விருத்தாசலத்தில் இன்னொரு பஸ் பிடித்து மங்கலம்பேட்டையில் இறங்கி விசாரித்துப் போனேன். அவர்கள் வீடு இருந்த இடத்தில் மண்மேடும், அதன்மேல் நீலத் தார்ப்பாயும் இருந்தன. தார்ப்பாய்க்கு வெளியே கொளஞ்சி ஓர் ஆட்டுக்குட்டிக்கு இலை கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கம்பி இருக்கிறதா என்று முதலில் வாயைப் பார்த்தாள்.

சின்னம்மாள் சொன்னாள்: "நாங்க தூங்கிக்கினு இருக்கோம் டீச்சர். காத்து சத்தம் எங்களுக்கு பழகிப்போச்சி. இவதான் செவுத்த ஒட்டிப் படுத்திருந்தவ, எழுந்து என் மயிரப் புடிச்சி இழுக்கறா. செவுத்துல கைய வெச்சிக் காட்றா. ஆடுதுங்கறா. வெளிய வந்து ரோட்டுல நிக்கறோம், பின்னால செவுரு உழுவுது. காது கேக்கற நாங்க ரெண்டு பேரும் செத்திருப்போம்."

கொளஞ்சி ஆட்டுக்குட்டியிடம் போய்விட்டாள்.

பிறகு சின்னம்மாள் சொன்னது: பொங்கல் கழித்துப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்களாம். கொளஞ்சியும் கூட.

"அங்க பள்ளிக்கூடம்?"

"அதெல்லாம் பாக்க முடியுமா டீச்சர்? எல்லாரும் ஒண்ணா இருந்தா போதும்னு அவரு சொல்றாரு. இவ பேசி இன்னா ஆவப்போவுது?"

வீட்டுக்காரர் இருக்கும் நாள் எது என்று கேட்டேன். இருபத்தொன்று சனிக்கிழமை கிளம்புகிறார்களாம்.

இருபத்தொன்று என்னுடைய அடுத்த முறுக்கு நாள். அவளிடம் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது?

15 ஜனவரி, ஞாயிறு

பொங்கல். கூரையில்லாத சமையலறையில் வானம் பார்த்துப் பொங்கியது. அவர் கடன் வாங்கியாவது இந்த வாரம் ஷீட் போட்டுவிடுகிறேன் என்றார்.

சுருள் கம்பி தளர்ந்துவிட்டது. நாக்குக்குத் தெரிகிறது.

21 ஜனவரி, சனி

மங்கலம்பேட்டை. கொளஞ்சியின் அப்பா காத்தவராயன். மூட்டை கட்டி வைத்திருந்தார். நல்ல மனிதர், கோபம் இல்லை, அதனால்தான் கஷ்டமாக இருந்தது. கோபக்காரர் என்றால் சண்டை போடலாம்.

"வாத்தியாரம்மா, பொம்பளப் புள்ள. காதும் கேக்காது. நாங்க அங்க, இவ இங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா?"

"அவ சேதி சொன்னதாலதான நீங்க எல்லாரும் இங்க நிக்கறீங்க?" என்றேன். "கையால சொன்னா. பேசவும் கத்துக்கிட்டா யாருக்கு வேணா சொல்லுவா. பெங்களூர்ல மண் சொமக்கற எடத்துல அவ கை சைகை யாருக்குப் புரியும்? அவளே சொல்லட்டும். கேளுங்க."

இது நியாயமா? ஆறு வயதுகூட ஆகாத பிள்ளையிடம் கேட்கச் சொல்வது? வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

சின்னம்மாள் சைகையில் கேட்டாள். கொளஞ்சி வெகுநேரம் அப்பா முகத்தையே பார்த்தாள். பிறகு தன் துணிப்பையை மட்டும் மூட்டையிலிருந்து உருவி எடுத்தாள். காத்தவராயன் திரும்பிக்கொண்டார்.

மாலையில் கொளஞ்சியோடு கடலூர் திரும்பினேன். பஸ்ஸில் பாதி வழி அழுதாள், பாதி வழி தூங்கினாள்.

24 ஜனவரி, செவ்வாய்

டாக்டர் போன் செய்தார். மூன்று வாரமாக முயற்சி செய்தாராம், இன்றுதான் கிடைத்ததாம். நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"நீங்க செஞ்சது சரிதான் டீச்சர். ஆனா எலும்புக்குப் புயல் தெரியாது. சீக்கிரம் வாங்க."

4 பிப்ரவரி, சனி

ஷீட் போட்டு முடித்த கையோடு என் வீட்டுக்காரரே பைக்கில் அழைத்துப்போனார். மூன்றரை மில்லிமீட்டர். ஆறு வாரத்தில் அரை மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கிறது. டாக்டர் யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

3 மார்ச், சனி

இரண்டே முக்கால்.

17 மார்ச், சனி

இரண்டரை. "கெட்டியாயிடுச்சு" என்றார். நான்கு மாதம் முடிந்து ஐந்து நாள் ஆகிறது.

இன்னொரு முறை கீறலாம் என்றார். இந்தத் தடவை சின்னதாக, நான்கு இடத்தில் மட்டும். ஜூனுக்குள் முடித்துவிடலாம்.

நான் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் கேட்டார். "ஈறு எப்பிடி இருக்கு சார், இப்ப?"

லலிதாம்பிகையை வரவழைத்துக் காட்டினார்கள். ஒரு முன்பல்லில் ஈறு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது. மறுபடி திறந்தால் இன்னும் இறங்கலாம், இறங்காமலும் இருக்கலாம் என்றார்.

டாக்டர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். தேவசகாயம் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு, "அவ முடிவு" என்றார்.

வேண்டாம் என்றேன். மீதி, பழைய வேகத்திலேயே போகட்டும். டிசம்பர் ஆகுமாம்.

பைக்கில் வரும்போது பரங்கிப்பேட்டை பிரிவில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். ஆறவைத்துக் கொடுத்தார்.

2 ஏப்ரல், திங்கள்

காலையில் பள்ளிக்கு வரும்போது டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம். சாலை வேலை நடக்கும் இடத்தில் மண்காற்று அடித்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மூடியது. இழுத்துப் பிடிக்காமல், தாடை நடுங்காமல், மேலுதடும் கீழுதடும் தாமாக ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. என் பற்கள் உள்ளே இருந்தன. இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

அப்படியென்றால் ஜூனுக்குத் தயார்தான். இடம் இன்னும் மூடவில்லை, உதடு மூடிவிட்டது.

4 ஏப்ரல், புதன்

இது எனக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றாமல் போயிற்று?

வகுப்பில், 'பால்' என்று உதட்டைச் சேர்த்துச் சொன்னேன். குரல் இல்லாமல். படங்களில் எது என்று காட்டவேண்டும். ஆறு பேரும் விழித்தார்கள். குறிஞ்சிப்பாடிப் பிள்ளை, பந்துப் படத்தை எடுக்கப்போய்த் திரும்ப வைத்தது. கொளஞ்சி என் முகத்தைக் கையால் பிடித்து, மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். தெரியவில்லை.

பிறகு மறந்துபோய், பழக்கத்தில், கீழுதட்டைப் பல்லில் வைத்துச் சொல்லிவிட்டேன். உடனே ஆறு கையும் பால் டம்ளர்மேல் போயின.

தவறாகச் சொன்னால் புரிகிறது. சரியாகச் சொன்னால் விழிக்கிறார்கள்.

அதுமட்டுமில்லை. நாளெல்லாம் கவனித்தேன். கவனம் தப்பும்போதெல்லாம் என் கீழுதடு தானாகப் பல்லைத் தேடிப் போகிறது. பல் இடம் மாறிவிட்டது, உதட்டுக்கு யாரும் சொல்லவில்லை.

18 ஏப்ரல், புதன்

சிந்துஜாவிடம் சொன்னேன். "ஜூன்ல இவங்க ஆறு பேரும் எங்கிட்ட முதல் வகுப்புக்கு வந்துருவாங்க டீச்சர். நான் பாத்துக்கறேன். உங்களுக்குப் புதுசா ஏழு பேர் வர்றாங்க. அவங்களுக்கு நீங்க ஆரம்பத்துலேருந்தே சரியாச் சொல்லித் தரலாம். இதுக்குத்தானே இவ்ளோ கஷ்டப்பட்டீங்க?"

ஆமாம். இதற்குத்தான்.

2 மே, புதன்

ஆறு பேரும் லீவுக்குப் போனார்கள். கொளஞ்சியைப் பெங்களூருக்கு அழைத்துப்போக சின்னம்மாள் வந்தாள். ஜூனில் கொண்டுவந்து விடுவதாக அவளாகவே சொன்னாள். நான் கேட்கவில்லை.

28 மே, திங்கள்

பெரிய சிஸ்டரைப் பார்த்தேன். மூன்று நாள் யோசித்து, என் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனேன். (இந்தத் தடவை வீட்டில் முதலில் சொன்னேன்.)

"புது வகுப்ப சிந்துஜாவுக்குக் குடுங்க சிஸ்டர். பழைய ஆறு பேர இன்னொரு வருஷம் எங்கிட்டயே விடுங்க."

"ஏன் சவரி? புதுப் பிள்ளைங்களுக்காகத்தானே எலும்பையே கீறிக்கிட்ட?"

"சிந்துஜாவுக்கு வாய் பிறந்ததுலேருந்தே சரியாத்தான் இருக்கு. புதுசுங்களுக்கு அவ போதும். இந்த ஆறு பேருக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்தது நான்தான். அவ எவ்ளோ திருத்தினாலும், நான் தாழ்வாரத்துல போறத பாத்தா அதுங்க கண்ணு எங்கிட்டதான் வரும்."

சொல்லி முடிக்கும்போது என் குரல் உடைந்துவிட்டது. எதுக்குன்னு தெரியல. அழுவறதுக்கு என்ன இருக்கு அதுல. சின்னப்புள்ள மாதிரி.

சிஸ்டர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

4 ஜூன், திங்கள்

சரி என்று சொல்லிவிட்டார். புதிய ஏழு பேர் சிந்துஜாவிடம் அழுதுகொண்டு போனார்கள். அதில் ஒருத்தி வழியில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

கொளஞ்சி இன்னும் வரவில்லை.

11 ஜூன், திங்கள்

வந்துவிட்டாள். உயரமாகியிருக்கிறாள். முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது.

30 ஜூன், சனி

ஒன்றேகால் மில்லிமீட்டர். டாக்டர் ஒரு கூட்டத்தில் பேசப் போகிறாராம், என் படங்களைக் காட்ட அனுமதி கேட்டார். தரலாம் என்றேன். புயலில் விட்டுப்போன ஆறு வாரத்தையும், இறங்கிய ஈறையும் சேர்த்துக் காட்டவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். "கண்டிப்பா" என்றார். எழுதியும் கொண்டார்.

18 ஜூலை, புதன்

வகுப்புக்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்று வந்தது. பழைய துணிக்கடை ஒன்று மூடியபோது என் வீட்டுக்காரர் சொல்லிவைத்து வாங்கி, ஒரு மினி வேனில் ஏற்றிக் கொண்டுவந்தார். சுவரில் அடிக்கும்போது பிள்ளைகள் உயரத்துக்கு வைக்கட்டுமா என்று கேட்டார். கொஞ்சம் ஏற்றி வைக்கச் சொன்னேன், ஏழு பேரும் தெரிகிற மாதிரி.

அவர்கள் ஆறு பேரும் பெஞ்சில், நான் நடுவில் முக்காலியில். எல்லாரும் கண்ணாடியைப் பார்த்து 'மாம்பழம்' சொல்லவேண்டும். மூன்று இடத்தில் உதடு சேர வேண்டும்.

இரண்டாவது இடத்தில் எனக்குத் தவறியது. நானே கவனிக்கவில்லை. கொளஞ்சி கண்ணாடியில் பார்த்துவிட்டு இறங்கிவந்தாள். என் கீழுதட்டை விரலால் பல்லிலிருந்து எடுத்து, மேலுதட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மற்ற ஐந்து பேரும் காத்திருந்தார்கள். அவள் விரலை எடுத்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.